5 கிலோவாட் கூரைச் சோலர், இரண்டு வருஷத்துக்குப் பிறகு: பனலுக்கு முழு மார்க்ஸ், லைனுக்கு அரை மார்க்ஸ்

வீட்டுக் கூரையில் சோலர் பூட்டி இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. கோயில் திருவிழா, கலியாண வீடு, கடைத்தெரு என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் "என்னண்டு, பூட்டலாமா?" என்று கேட்கிறார், நானும் நின்றபடியே பாதி சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். முழுதாகச் சொன்னால் அரை மணித்தியாலம் போகும். அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

இடம் இலங்கையில் மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடிப் பக்கம். கடல் நடந்து போகும் தூரம், மணல் நிலம், ஓட்டுக் கூரை. 2023 செப்டெம்பரில் பூட்டினோம். 550 வாட் பனல் பத்து, பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற 5 கிலோவாட் இன்வேட்டர், சிங்கிள் பேஸ், பற்றரி கிடையாது. மொத்தம் 11 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய், அதில் முக்கால்வாசி வங்கி லோன். கம்பனியின் பெயரைப் போடப்போவதில்லை, திட்டவும் போகிறேன், பாராட்டவும் போகிறேன்.

முதலில் ஒரு பெரிய ஏமாற்றத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பத்தில் எட்டுப் பேர் இதே நினைப்பில்தான் காசு கட்டுகிறார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த வெக்கைதான் எனக்குச் சோலர் ஆசையை மூட்டியது. இனி வெட்டினால் வெட்டட்டும், நம்ம கூரை நமக்கு என்று நினைத்தேன். அப்படியில்லை. பற்றரி இல்லாத சோலர், ரோட்டுக் கரண்ட் நின்ற அந்த நொடியே தானும் நின்றுவிடும். இது பழுது இல்லை, பாதுகாப்பு. லைனில் ஏறி வேலை செய்கிற மனிதர், கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடும்போது என் கூரை அவருக்கு ஷொக் கொடுக்கக்கூடாது, அதற்காக இன்வேட்டர் தானாகவே விலகிக்கொள்கிறது. நியாயம்தான். ஆனால் விற்க வந்த தம்பி இதை நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சொன்னார்.

சரி, வருமானம். நல்ல வெயில் மாதத்தில் 650 யூனிட்டுக்கு மேல், மார்கழி தை மழையில் 400க்குக் கிட்ட, சராசரி 590. வீட்டுச் செலவு 190 போக மிச்சம் 400 யூனிட் மின்சார சபைக்குப் போகிறது, யூனிட்டுக்கு 37 ரூபாய், ஆக மாதம் 14,800 அளவில் கணக்கில் விழுகிறது. லோன் தவணைக்குக் கொஞ்சம் கையிலிருந்து போட வேண்டியிருக்கிறது, ஆனால் கரண்ட் பில் என்று ஒன்று வீட்டில் இல்லை. இங்கே கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் யூனிட் அள்ளிக் கொட்டும் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு இல்லை. வெயிலுக்குத்தான் பனல் வேலை செய்யும், சூட்டுக்கு இல்லை. 25 பாகைக்கு மேலே ஏறுகிற ஒவ்வொரு பாகைக்கும் 0.3 அல்லது 0.4 சதவீதம் குறைந்துகொண்டே போகும், கச்சான் நேரம் ஓட்டுக்கு மேலே இருக்கிற பனலின் சூட்டில் முட்டையே பொரிக்கலாம். அதோடு அந்தக் காற்று கொண்டுவந்து கொட்டுகிற புழுதி வேறு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை விடியற்காலையில் தண்ணீர் அடிப்பேன். உச்சி வெயிலில் கொதிக்கிற கண்ணாடிக்குக் கிணற்றுத் தண்ணீர் அடிக்கிற வேலையைச் செய்யாதீர்கள், கண்ணாடி வெடிக்கலாம்.

பூட்டிய வேலைக்குப் பத்துக்கு ஏழு கொடுப்பேன். ஓட்டை உடைக்காமல், பீலியில் கால் வைக்காமல் இரண்டு நாளில் முடித்தார்கள். மாமா கீழே கதிரை போட்டு உட்கார்ந்து 78ஆம் ஆண்டுச் சூறாவளியில் பறந்த கூரைகளின் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அது கேட்டுப் பயந்தோ என்னவோ கொக்கிகளை நெருக்கமாகவே அடித்தார்கள். குறைந்த மூன்று மார்க்ஸ் எதற்கென்றால், ஆணியும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விலைப்பட்டியலில் எழுதிவிட்டு நாலு இடத்தில் சும்மா முலாம் பூசினதைப் போட்டிருந்தார்கள். கடற்காற்றில் ஒரு வருஷத்துக்குள்ளேயே துருப்பிடித்து ஓட்டில் செங்காவிக் கோடு வடிந்தது. எர்த் கம்பியும் அப்படித்தான். மணல் நிலத்தில் ஒரு கம்பியை அடித்துவிட்டுப் போனால் மழைக்காலத்தில் சரியாகக் காட்டும், ஆவணியில் மண் காய்ந்ததும் எர்த் இருக்காது. நான் சண்டை பிடித்த பிறகு இன்னும் இரண்டு கம்பி அடித்து இணைத்தார்கள். சித்திரை மாதத்து இடிமின்னலை நினைத்தால் அது சண்டை பிடிக்கவேண்டிய விஷயம்தான்.

இதெல்லாம் சில்லறை. உண்மையான பிரச்சினை எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது.

ஒரு நாள் பகல் பன்னிரண்டரை, மேகம் ஒரு துண்டு இல்லை, இன்வேட்டரில் சிவப்பு லைட். போனில் ஆப்பைத் திறந்தால் கோடு மலை போல ஏறி, உச்சியில் கத்தியால் வெட்டினது போலச் செங்குத்தாக விழுந்திருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் திரும்ப ஏறுகிறது, திரும்ப விழுகிறது. இரண்டு மணி வரை இதே கூத்து. கம்பனிக்கு அடித்தால் "அண்ணன், உங்கட லைன்ல வோல்டேஜ் கூட, எங்கட பக்கம் பிழையில்ல" என்றார்கள். பதினொரு நாள் கழித்து டெக்னீசியன் வந்து பார்த்தபோது, அவர்கள் பக்கமும் பிழை இருந்தது தெரிந்தது. இன்வேட்டரில் வேறொரு நாட்டின் செட்டிங்கை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், அந்த நாட்டு எல்லைக்கு அது முன்கூட்டியே நின்றுகொண்டிருந்தது. மாற்றினார். நிற்பது குறைந்தது, ஒழியவில்லை. இப்போது 253 வோல்ட்டில் நிற்கிறது. 230க்கு ஆறு சதவீதம் மேலே கீழே, அதாவது 244 வரை என்பதுதான் நம் நாட்டு விதி. என் வீட்டுப் பிளக்கில் அப்போது மத்தியானம் 251. அதே பிளக்கில் இரவு எட்டு மணிக்கு 207, மின்விசிறி களைத்துப்போய்ச் சுற்றும்.

ஏன் இப்படி? நம் பக்கத்து ஆட்களுக்கு வயல் வாய்க்காலை வைத்துச் சொன்னால் லேசாக விளங்கும். குளத்திலிருந்து வாய்க்கால் இறங்கி வருகிறது, தலைப்பில் இருக்கிறவனுக்குத் தண்ணீர் நிறைய, கடைசிக் கண்டத்துக்காரனுக்குச் சொட்டு. ரோட்டு லைனும் அப்படித்தான் கட்டப்பட்டது. ட்ரான்ஸ்போமர் குளம், கம்பி வாய்க்கால், நான் கடைசிக் கண்டம். இரவில் கடைசி வீட்டுக்கு 207 வந்தாலாவது சேரட்டும் என்று ட்ரான்ஸ்போமரிலேயே கொஞ்சம் உயர்த்தி வைத்திருப்பார்கள். சின்ன ட்ரான்ஸ்போமர்களில் அது மணிக்கொருமுறை தானாக மாறுகிற ஏற்பாடு இல்லை, ஆள் வந்து கரண்டை நிறுத்தி மாற்றவேண்டும். இப்போது பகலில் கடைசிக் கண்டத்துக்காரன் தன் வயலுக்குள் ஒரு கிணறு வெட்டித் தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பி இறைக்கிறான் என்று வையுங்கள். மேல்நோக்கித் தள்ளவேண்டும் என்றால் அவனிடத்தில் மட்டம் உயர்ந்துதான் ஆகவேண்டும். கம்பி மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் இன்னும் உயரும். நான் பூட்டும்போது எங்கள் ஒழுங்கையில் என்னோடு ஒருவர்தான். இன்று ஏழு வீடு. ஏழு கிணறும் ஒரே நேரம் இறைக்கிறது, குடிக்க ஆளில்லை, ஏனென்றால் பகலில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டார்கள்.

இதற்கு எனக்குக் கிடைத்த சாட்சி என் மச்சான். அக்கரைப்பற்றில் இருக்கிறார், அதே கம்பனி, அதே பனல், அதே இன்வேட்டர், எனக்கு ஒரு மாதம் பிந்திப் பூட்டினார். அவர் வீட்டு வாசலுக்கு நேரே ட்ரான்ஸ்போமர். (அந்த இரைச்சலுக்காகவே வளவு விலை குறைந்தது என்று பத்து வருஷமாக நாங்கள் பகிடி பண்ணினோம்.) வெயில் மாதங்களில் என்னை விட 60, 70 யூனிட் கூட எடுக்கிறார், ஒருநாளும் சிவப்பு லைட்டைக் கண்டதில்லை. ஆக, ஒரே சாமானுக்கு அவர் ஐந்து நட்சத்திரம் போடுவார், நான் மூன்றரை போடுவேன், இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறோம். கம்பனி விலைப்பட்டியலில் பனலின் உத்தரவாதம் 25 வருஷம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், நீங்கள் லைனில் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதற்கு ஒரு வரி இருக்காது.

இதே கதையைத்தான் முழு நாடும் 2025 பெப்ரவரி 9 பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றேகால் போல. நான் கிணற்று மோட்டரைப் போட்டுவிட்டு நின்றேன், அது ஒரு முனகலோடு அடங்கியது, பின்னால் இன்வேட்டரும் டிக் என்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டுவிட்டது என்று அமைச்சர் சொன்னதை வைத்து நாங்களும் ஒரு கிழமை சிரித்தோம். ஆனால் ஒரு குரங்குக்கு ஏன் முழு இலங்கையும் விழவேண்டும் என்பதுதான் கேள்வி. மின்சார சபை பிறகு சொன்ன விளக்கம் இதுதான்: ஞாயிறு, தேவை குறைவு, வெயில் உச்சம், ஓடுகிற மின்சாரத்தில் பெரும் பங்கு சோலர், சுழல்கிற பெரிய இயந்திரங்கள் கொஞ்சம்.

சம்மாந்துறைப் பக்கத்துப் பழைய நெல் மில்லைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எஞ்சினில் ஆளுயரத்துக்கு ஒரு இரும்புச் சில்லு இருக்கும். வாய்க்குள் நெல்லை ஒரேயடியாகக் கொட்டினாலும் எஞ்சின் திணறி நிற்காது, அந்தச் சில்லின் கனம் இழுத்துக்கொண்டு போகும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம், மகாவலி நீர்மின் நிலையங்கள் போன்ற இடங்களில் சுழல்கிற இயந்திரங்கள்தான் நாட்டின் சில்லு, நாட்டுக் கரண்டின் 50 ஹேர்ட்ஸ் வேகத்தை விழவிடாமல் சில நொடி பிடித்துவைப்பது அவைதான். என் கூரையில் சுழல்கிற சாமான் ஒன்றும் இல்லை. அடி விழுந்ததும் பிடிக்கச் சில்லு போதவில்லை, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தது. நுரைச்சோலையின் 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்றும் நின்று, திரும்ப எடுக்க நாட்கள் பிடித்தன, அதனால்தான் அடுத்தடுத்த நாள் ஒன்றரை மணித்தியாலம் வெட்டினார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் உச்சி வெயில், கூரையில் 5 கிலோவாட், கீழே நான் வாளியால் தண்ணீர் இறைக்கிறேன். மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து "உங்களுக்குத்தான் மேல இரிக்கே, பிறகென்ன?" என்று கேட்டார். விளக்கம் சொல்ல மூச்சு இல்லை.

அப்புறம் சித்திரை வருஷப்பிறப்பு. ஏப்ரல் 13 முதல் 21 வரை, பகல் மூன்று மணி வரைக்கும் கூரைச் சோலரை நீங்களாகவே நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. மாமாவுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை, "காசு குடுத்து வாங்கின வெயில நிப்பாட்டச் சொல்றானா?" என்றார். கணக்குப் பார்த்தால் அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. சித்திரையில் சூரியன் இலங்கைக்குக் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கிற நாட்கள் அவை, தொழிற்சாலை, ஓபிஸ் எல்லாம் பூட்டு. கூரைச் சோலர் மட்டும் அதற்குள் 1000 மெகாவாட்டைத் தாண்டியிருந்தது, அதை எங்கிருந்தும் கூட்டவோ குறைக்கவோ அவர்களிடம் ஒரு கைப்பிடி இல்லை. வயலுக்கு வட்டவிதானை இருக்கிறார், எந்த மதகை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று அவர் முறை வைப்பார். அவருக்குத் தெரியாமல் ஒரு லட்சம் பேர் ஆளுக்கொரு மதகு வைத்துக்கொண்டால் அவர் என்ன செய்வார், வீடு வீடாக வந்து கும்பிட்டுத்தான் கேட்கவேண்டும். நான் நிறுத்தினேன். முதல் நான்கு நாள் மட்டும். நாளுக்குப் பதினாறு யூனிட், 590 ரூபாய் அளவு. ஐந்தாம் நாள் பார்த்தால் ஒழுங்கையில் மற்ற எல்லார் வீட்டு இன்வேட்டரும் பச்சையில் ஓடிக்கொண்டிருந்தது, நானும் போட்டுவிட்டேன். பெருமையாகச் சொல்லவில்லை.

இது நமக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. அதே ஏப்ரல் 28 ஸ்பெயினும் போர்த்துக்கலும் பட்டப்பகலில் இருண்டன, அங்கே பிடிபட்ட காரணம் வோல்டேஜ் கட்டுமீறி ஏறியது. ஏறிய அளவும் இடமும் வேறு, ஆனால் என் ஒழுங்கையை நினைக்காமல் அதை வாசிக்க முடியவில்லை. தென் ஆஸ்திரேலியா 2016இல் புயலோடு முழுதாக இருண்டுவிட்டு, அடுத்த வருஷமே 100 மெகாவாட் பற்றரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது. நம்மிடம் 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதம் வெயில், காற்று, தண்ணீர் போன்ற புதுப்பிக்கத்தக்க வழியில் என்ற இலக்கு இருக்கிறது, பகல் வெயிலை இரவுக்குக் கொண்டுபோகிற வழி இன்னும் சரியாக இல்லை. நாட்டின் உச்சத் தேவை இரவு ஆறரைக்கும் பத்தரைக்கும் நடுவில், 2500 மெகாவாட்டைத் தாண்டும், அந்த நேரம் என் பனல் நிலவொளியில் குளித்துக்கொண்டிருக்கும்.

காற்று இந்த விஷயத்தில் கொஞ்சம் நல்ல பிள்ளை. மன்னாரில் 2020 டிசெம்பரில் திறந்த தம்பபவனி, 30 காற்றாடி, 103.5 மெகாவாட், மே தொடக்கம் செப்டெம்பர் வரை இரவிலும் சுழலும். பிரச்சினை, அது சித்திரையில் ஓய்ந்து கிடக்கும், ஆடியில் ஒரேயடியாகக் கொடுக்கும். இதையெல்லாம் சமப்படுத்தப் பகல் மிச்சத்தில் தண்ணீரை மேலே ஏற்றி இரவில் இறக்குகிற 600 மெகாவாட் திட்டம் ஒன்றைப் பற்றிக் கனகாலமாகப் பேசுகிறார்கள், மகா ஓயா என்று பெயர். பெயரைக் கேட்டு இங்கே சிலர் நம்ம அம்பாறை மகாஓயா என்று சந்தோஷப்பட்டார்கள். அது இல்லை, அரநாயக்க, நாவலப்பிட்டிப் பக்கம். நமக்கு இங்கே இருப்பது இங்கினியாகல நீர்மின் நிலையத்தின் 11 மெகாவாட்தான், அதுவும் கல்லோயா வயலுக்குத் தண்ணீர் விடுகிற முறைப்படிதான் ஓடும்.

இனிப் பூட்டுகிறவர்களுக்கு. நான் வாங்குகிற 37 ரூபாயைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். 2016இல் திட்டம் தொடங்கியபோது முதல் ஏழு வருஷத்துக்கு 22 ரூபாய், 2022 நெருக்கடியோடு 37 ஆனது, 2024இல் 27க்கு வந்தது, அதன் பிறகும் இறங்கியது. ஒப்பந்தம் போட்ட அன்றைய விலைதான் உங்களுக்கு. இப்போதைய விலைக்கு, பற்றரி இல்லாமல், லைனின் கடைசியில் இருக்கிற வீடு என்றால் நான் பூட்டமாட்டேன். ட்ரான்ஸ்போமருக்குக் கிட்ட இருக்கிறீர்களா, பகலில் கரண்ட் தின்கிற வேலை வீட்டில் இருக்கிறதா, தையல் கடை, அரைக்கிற மில், ஐஸ்பெட்டி என்று ஏதாவது, கண்ணை மூடிக்கொண்டு பூட்டுங்கள். பற்றரியில் சேர்த்து இரவு உச்ச நேரத்தில் கொடுத்தால் கூடுதல் விலை என்று இப்போது ஒரு திட்டம் வந்திருக்கிறது. அதைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பற்றரி விலைதான் இன்னும் கைக்கு வரவில்லை.

அதுவரை வீட்டில் நாங்கள் செய்த வைத்தியம் மனைவியின் யோசனை. மோட்டர், உடுப்பு மெஷின், அயர்ன், கரண்ட் அடுப்பு எல்லாவற்றையும் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் தள்ளிவிட்டார். மிச்சத்தை வெளியே தள்ளாமல் உள்ளேயே தின்றால் வோல்டேஜ் நாலைந்து வோல்ட் இறங்குகிறது, சிவப்பு லைட் பாதியாகக் குறைந்துவிட்டது. மாமிக்குத்தான் உச்சி வெயிலில் அயர்ன் பண்ணுகிற வீடு இது என்று மனவருத்தம். ஒழுங்கைக்காரர் ஏழு பேரும் சேர்ந்து ஒரு கடிதமும் கொடுத்தோம். வந்து அளந்தார்கள், ரோட்டு லைனில் பேஸ் என்று மூன்று கம்பி, ஏழு வீட்டில் ஐந்து ஒரே பேஸில் இருந்தது, இரண்டை வேறு பேஸுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது மத்தியானம் 246, 247. கம்பியைத் தடிப்பாக்கினால் இன்னும் இறங்கும் என்று வந்தவரே சொன்னார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஹார்ட்வெயார் கடையில் பிளக்கில் சொருகுகிற வோல்டேஜ் மீட்டர் ஒன்று வாங்கி, ஒரு கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்கும் இரவு எட்டுக்கும் பார்த்து எழுதிவையுங்கள், ஞாயிற்றுக்கிழமையைக் கட்டாயம் சேருங்கள். மத்தியானம் 240ஐத் தாண்டினால் அந்தத் துண்டை விற்க வருகிற தம்பியின் கையில் கொடுத்து, பிறகு என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். நான் அந்த மீட்டரை 900 ரூபாய்க்கு வாங்கினேன், சோலர் பூட்டி ஒன்பதாவது மாதம்.